கக்கத்து வேர்வையும் செல்லக்கனியும்

வாங்க வாங்க, வணக்கம். பட்டு மேல மாடி, சுடிதார் எடது பக்கம், ஜென்ட்ஸ் நேராப் போங்க. ஓ, ஜவுளி எடுக்க வரலையா? விசாரிக்க வந்தியளா? யாரை? செல்லக்கனியையா? எந்தச் செல்லக்கனி, நைட்டி செக்‌ஷன்ல நிக்காளே, முக்கூடல்காரி, அவளா?

உக்காருங்க அண்ணாச்சி. இந்த ஸ்டூலு எனக்குப் போட்டதுதான், நான் உக்காரக் கூடாது, நீங்க உக்காருங்க. பையனுக்குப் பாக்கியளா? என்ன செய்யுதான்? மின்வாரியமா? நல்லது. பொண்ணு வேலை பாக்குத எடத்துல நாலு வார்த்தை கேட்டுக்கிட்டு அப்புறம் பேச்செடுப்போம்னு வந்திருக்கிய. முறைதான். என்கிட்ட வந்தியளே, அது உங்க நல்ல நேரம். உள்ள போயி மேனேஜர்கிட்ட கேட்டியன்னா, 'தங்கமான பொண்ணு'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாரு. அந்த மனுசன் சாயம் போற சேலையையும் தங்கம்னுதான் சொல்லுவாரு. நான் அப்படி இல்ல. நடந்ததை நடந்தபடி சொல்லுதேன். அவளால நான் பட்ட பாட்டைக் கேட்டுக்கிட்டு, பொறவு பூ வைக்கணும்னா வைங்க, வேண்டாம்னா பஸ் ஏறிக்கிடுங்க.

என் பேரு ஆவுடையப்பன். கடையில பட்டு அண்ணாச்சின்னு கேட்டாத்தான் தெரியும். இப்ப வாசல்ல நிக்கேன்னு பாக்காதிய, இது பதவி உயர்வு. சின்ன முதலாளியே கூப்பிட்டுச் சொன்னாரு, 'கடைக்கு மொகமே நீங்கதான் அண்ணாச்சி, இனிமே வாசல்ல நில்லுங்க'ன்னு. ரெண்டு கையையும் நெஞ்சோட சேத்து, முழங்கை விலாவை விட்டு வெலகாமக் கும்பிட்டுக்கிட்டு நிக்கணும். அந்த முழங்கை விசயத்தை மட்டும் ஏனோ அழுத்திச் சொன்னாரு. மேல பாருங்க, கதவு தொறக்கும்போதெல்லாம் குளுந்த காத்து கொட்டுது. இந்தக் கடையிலயே ஏசி நல்லா விழுத எடம் இதுதான். எவனுக்குக் கெடைக்கும்?

ஆனா நான் பட்டுக்காரன். பட்டு விக்குதது எப்படின்னு உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. மெத்தையில விரிச்சுக் காட்டினா ஒரு பொம்பளையும் வாங்க மாட்டா. உடுத்தினா எப்படி இருக்கும்னு பாக்கணும். அவங்களே உடுத்திப் பாக்க முடியுமா? அதனால நாங்க போட்டுக் காட்டணும். நான் இந்த மீசையோட, இந்தத் தொப்பையோட, இடுப்புல நாலு கொசுவம் செருகி, முந்தியைத் தோள்ல தூக்கிப் போட்டு, கையை நீட்டிக் கண்ணாடி முன்னால ஒரு திரும்பு திரும்பினேன்னு வைங்க, 'அதையே போடுங்க அண்ணாச்சி'ன்னுருவாங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல கல்யாணமான பொண்ணுங்கள்ல பாதிப் பேரோட முகூர்த்தப் பட்டை அவங்களுக்கு முன்னால உடுத்தினவன் நான்தான். சிரிக்காதிய. தொழிலு.

அதுக்குக் கையைத் தூக்கணும். அங்கதான் வெனை.

எனக்குக் கக்கத்துல கொஞ்சம் வேர்க்கும். கொஞ்சம்தான். மனுசன்னா வேர்க்கணும்லா? ஐப்பசி அடைமழையிலயும் வேர்க்கும், ஏசியிலயும் வேர்க்கும், கஸ்டமர் முன்னால கையைத் தூக்கணுமேன்னு நெனச்சா உடனே வேர்க்கும். எங்க வீட்டுக்காரி கோமதி, என் சட்டையைப் பிழிஞ்சுக்கிட்டே, 'தாமிரவருணியில தண்ணி கொறஞ்சா உங்களைத்தான் தொறந்து விடணும்'பா. அவளுக்கு வாய் நீளம். மத்தபடி வெளிய ஒரு குஞ்சுக்கும் தெரியாது. நாங்க போடுதது வெள்ளைச் சட்டை, வெள்ளையில அவ்வளவாத் தெரியாதுல்லா. அப்பதான் சின்ன முதலாளி கோயம்புத்தூர்ல படிப்பை முடிச்சிட்டு வந்தாரு. பெரிய படிப்பு. வந்து மொத காரியமா யூனிபாரத்தைச் சாம்பல் கலருக்கு மாத்தினாரு. அந்தத் துணியில ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் மை கொட்டினது மாதிரி காட்டும். போட்ட அன்னைக்கே எனக்கு வலது கக்கத்துல இலங்கை வந்துட்டு. எடது கக்கத்துல ஆஸ்திரேலியா.

அதுவும் எப்ப? ஆவணி முகூர்த்த சீசன் தொடங்குத நேரம். அந்த வாரந்தான் இந்தச் செல்லக்கனியை உள்பாவாடை செக்‌ஷன்ல இருந்து எனக்கு உதவிக்குன்னு பட்டுக்கு அனுப்பினாங்க. உதவின்னா சேலை மடிக்க. மடிக்க மட்டும்.

மொத நாளே வேலையைக் காட்டிட்டா. ஆலங்குளத்துல இருந்து ஒரு குடும்பம் வந்து உக்காந்திருக்கு. மயில்கழுத்துக் கலர்ல ஒரு சேலையை எடுத்துத் தோளுக்குக் கொண்டு போறேன், கை பாதிகூட ஏறல, பின்னால இருந்து வந்து, 'பட்டு அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க, நான் போட்டுக் காட்டுதேன்'னு சேலையைப் பறிச்சிட்டா. பறிச்சான்னா, பைய கையில இருந்து வாங்கினா. பைய வாங்கினாலும் பறிச்சது பறிச்சதுதான? கஸ்டமர் முன்னால சண்டையா போட முடியும்? நான் பேசினேன், அவ போட்டுக்கிட்டு நின்னா. எடுத்தாங்கன்னு வைங்க. அது என் பேச்சுக்கு எடுத்தது.

அன்னையில இருந்து இதே சோலி. நான் கையைத் தூக்கப் போறேன்னு எப்படித்தான் தெரியுமோ, எங்க நின்னாலும் ஓடி வந்துருவா. சேலை அவ தோளுக்குப் போயிரும். என் தோளு சும்மா கெடக்கு. பட்டுல பழந்தின்னு கொட்டை போட்டவன் நான், நேத்து வரைக்கும் பாவாடை நாடா கோத்துக்கிட்டு இருந்தவ முன்னால நின்னு சுத்துதா. எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

இதுல இன்னொரு கூத்து. சேலை வித்தா, யார் வித்தாங்களோ அவங்க நம்பரை பில்லுல போடணும். அவ போட்டுக் காட்டின சேலைக்கெல்லாம் பில் போடுத பையன்கிட்ட என் நம்பரைத்தான் சொல்லுவா. ஏன்னு சொல்லுங்க பாப்போம். செஞ்ச காரியம் உறுத்துது, வேற என்ன? கோயில் சொத்தைத் தின்னவன்தான் உண்டியல்ல பெரிய நோட்டாப் போடுவான். நான் அப்பமே கண்டுபிடிச்சிட்டேன், ஆனா வெளிய காட்டிக்கிடல.

பிடிவாதம் வேற. நீங்க மருமக எடுக்கப் போறிய, அதனால சொல்லுதேன். நான் உக்காருத எடத்துல தெனமும் ஒரு வெள்ளைத் துணி மடிச்சு வச்சிருப்பா, மெல்லிசாக் காடாத் துணி, தொவைச்சு மடிச்சது. 'உன் தூசித் துணியை என் எடத்துல ஏன் வைக்க?'ன்னு கேட்டேன். 'தூசித் துணி இல்ல அண்ணாச்சி, சும்மா தோள்ல கெடக்கட்டும்'னா. நான் தூக்கி மூலையில எறிஞ்சேன். மறுநாள் இன்னொண்ணு இருக்கு. ஒரு பெரிய மனுசன் எறிஞ்சிட்டான்னா விட வேண்டாமா? டேபிள் ஃபேனையும் கஸ்டமர் பக்கம் இருந்து என் பக்கமாத் திருப்பி வச்சா. கஸ்டமருக்கு மருவாதை குடுக்கத் தெரியாத பிள்ளை.

வாங்கம்மா வாங்க, வணக்கம். பட்டுப் பாவாடையா, மேல மாடிம்மா, லிப்ட் அந்தப் பக்கம். நல்லாப் பாத்து எடுங்க.

எங்க விட்டேன்? ஆங். இந்தச் சட்டை காட்டிக் குடுக்கதுக்கு முன்னால, யாருக்கும் தெரியாம வைத்தியம் பாத்துரணும்னு முடிவு பண்ணினேன். சலூன்ல சவரம் முடிச்சுத் தேய்ப்பாங்கள்லா, படிகாரக் கல்லு, அதை வாங்கி நல்லா அழுத்தித் தேய்ச்சேன். காலையில நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானம் பாத்தா, சட்டையில இருக்க இலங்கையைச் சுத்தி வெள்ளை வெள்ளையாப் பூத்து அலை அடிக்கு. ஒரு கஸ்டமரோட பிள்ளை கையை நீட்டிக் காட்டி, 'அம்மா, அந்த மாமாவுக்குச் சுண்ணாம்பு'ன்னு சொல்லுது.

பொறவு நாட்டு மருந்துக் கடை. பூலாங்கிழங்கு, கார்போக அரிசி, வெட்டிவேரு, ஆவாரம்பூவு எல்லாம் எழுதிக் குடுத்தான். கோமதி மில்லுல குடுத்துத் திரிச்சுக் கொண்டு வந்தா. தேய்ச்சுக் குளிச்சிட்டு வந்தேன். வேர்வை நிக்கல அண்ணாச்சி, மணமா வந்துச்சு. அவ்வளவுதான். அன்னைக்கு ஒரு அம்மா மெத்தையில உக்காந்து மோந்து பாத்துட்டு, 'இங்ஙன யாருக்கு நலுங்கு வச்சாங்க?'ன்னு கேக்காங்க. எல்லாப் பயலும் என்னைப் பாக்கான். செல்லக்கனி உடனே, 'எனக்குத்தாம்மா, வீட்டுல மாமா பொண்ணுக்கு அரைச்ச மாவை நான் தேய்ச்சிட்டு வந்துட்டேன்'னா. பாத்தியளா? பொய்யும் வாய் கூசாம வரும். எழுதி வச்சுக்கிடுங்க.

கடைசியில கோமதி என்னை இழுத்துக்கிட்டுப் பாளையங்கோட்டையில ஒரு தோல் டாக்டர்கிட்டப் போனா. உள்ள போனாப் பொம்பளை டாக்டர். சின்னப் பிள்ளை. போன உடனே, 'சட்டையைக் கழத்திட்டுக் கையைத் தூக்குங்க'ன்னுது. எனக்கு உசுரே போச்சு. நான் எத்தனையோ பொம்பளைக முன்னால கையைத் தூக்கினவன்தான், ஆனா அது சேலையோட. அது தொழிலு. இது அப்படியா? கோமதிதான் பின்னால இருந்து என் கையைப் பிடிச்சுத் தூக்கிக் காட்டினா, சந்தையில மாட்டுக்குப் பல்லைக் காட்டுத மாதிரி.

அந்தப் பிள்ளை பாத்துட்டு, ரத்தம் டெஸ்ட் பண்ணி, 'இது அழுக்கும் இல்ல, சுத்தக் கொறைவும் இல்ல. சில பேருக்கு வேர்வை தேவைக்கு மேல சுரக்கும். நெறையப் பேருக்கு இருக்கு, வெக்கப்பட்டு வெளிய சொல்ல மாட்டாங்க'ன்னுது. நான் ஏன் வெக்கப்படணும்? எனக்குக் கொஞ்சந்தான வேர்க்கு? ஒரு பாட்டில் மருந்து எழுதிக் குடுத்துச்சு. முனையில குண்டு உருளும். 'ராத்திரி படுக்கப் போகையில, அக்குளை நல்லாத் தொடச்சு, ஈரமே இல்லாமப் பூசுங்க. காலையில கழுவிருங்க. சவரம் பண்ணின அன்னைக்குப் பூசாதீங்க'ன்னு சொல்லுச்சு.

படிச்ச பிள்ளைதான், ஆனா அனுபவம் இல்ல. நீங்களே சொல்லுங்க, ஒடம்புல பூசுத சாமானை எவனாவது ராத்திரி பூசுவானா? திருநீறு எப்பப் பூசுதோம்? குளிச்சிட்டு. சந்தனம்? குளிச்சிட்டு. பவுடரு? குளிச்சிட்டு. ராத்திரி பூசிட்டுக் காலையில கழுவணுமாம்! கழுவுததுக்கா மருந்து வாங்கினேன்? படுக்கையில எனக்கு வேர்த்தா எந்தக் கஸ்டமர் பாக்கப் போறான்? அதனால நான் என் புத்திக்கு, காலையில எந்திரிச்சு, மொகத்தோட சேத்துக் கக்கத்தையும் மழமழன்னு செரைச்சு, தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, ஈரம் சொட்டச் சொட்ட, அவங்க சொன்னதை விட ரெண்டு பூச்சு கூடவே பூசிட்டு பஸ் ஏறினேன்.

அண்ணாச்சி, பஸ்சு வண்ணாரப்பேட்டை ஸ்டாப்புகூட வரல, அதுக்குள்ள தீ பிடிச்சிட்டு. பச்சை மொளகாயை அரைச்சு அப்பின எரிச்சல். கையை ஒடம்போட ஒட்ட முடியல. ரெண்டு கையையும் சண்டைக்கோழி செட்டை மாதிரி அகட்டி வச்சுக்கிட்டே கடைக்குள்ள வாரேன். ஜென்ட்ஸ் செக்‌ஷன் பயலுவ, 'அண்ணாச்சி ஜிம்முக்குப் போறாரு போல'ங்கானுவ. சாப்பாட்டு ரூம்ல உக்காந்து அந்த டாக்டரை நான் ஏசிக்கிட்டு இருக்கையில இவ வந்தா. பாட்டிலை எடுத்து வாசிச்சா. 'இதுல ராத்திரி பூசணும்னு போட்டிருக்கே அண்ணாச்சி. எங்க அண்ணனுக்கு உள்ளங்கையில இப்படித்தான் ஊத்தும், ஆட்டோ ஹேண்டில் வழுக்கும். அவனும் டாக்டர்கிட்டத்தான் சரி பண்ணினான். ஈரத்துல பட்டா எரியும்'னு சொல்லிட்டுக் குளுந்த தண்ணியில அந்தக் காடாத் துணியை நனைச்சுக் குடுத்தா.

எரிச்சல் கொறஞ்சுதுதான். ஆனா நீங்க கவனிக்க வேண்டியது வேற. அவ அண்ணனுக்கும் வேர்வை. குடும்பத்துலயே உண்டு. இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால விசாரிக்கணுமா வேண்டாமா?

எரிச்சல் அடங்கினதும் திரும்ப அந்த டாக்டர்கிட்டப் போனோம். நான் எப்பப் பூசினேன்னு கோமதி போட்டுக் குடுத்துட்டா. அந்தப் பிள்ளை தலையில கையை வச்சுக்கிட்டு, 'தோலு நல்லா ஆறட்டும்'னு மாத்திரை எழுதுச்சு. 'தெனம் ஒண்ணு. கூடப் போட்டா வாய் வறளும், படபடன்னு வரும், கூடாது'ன்னு அழுத்திச் சொல்லுச்சு. அப்ப ஆவணி முகூர்த்தம் உச்சத்துல இருக்கு. ஒண்ணுக்கே கொறையுதுன்னா ரெண்டுக்கு நின்னுரும்லா? கணக்கு சரிதான? சாப்பாட்டு ரூம்ல வச்சு ரெண்டாப் போட்டேன், அவ பாத்துட்டா. நின்னுட்டு அண்ணாச்சி! கக்கம் ரெண்டும் பங்குனி மாசத்துக் கொளம் மாதிரி காஞ்சு கெடக்கு. எனக்கு ஒரே சந்தோசம். இன்னைக்குச் செல்லக்கனி கிட்ட வரட்டும் பாப்போம்னு சேலையை எடுத்துத் தோள்ல போட்டு, கையை நல்லா மேல தூக்கி, 'காஞ்சி'ன்னு ஆரம்பிச்சேன். 'புரம்' வரல. நாக்கு போயி அண்ணத்துல ஒட்டிக்கிட்டு. தண்ணி குடிச்சாலும் பிரிய மாட்டேங்குது. சேலையைக் கட்டிக்கிட்டு ஊமையா நிக்கேன், எதுக்கால கல்யாண வீட்டுக்காரங்க என் வாயையே பாக்காங்க.

அப்ப அவ பேசினா பாருங்க! என் பேச்சு. 'இந்தச் சேலை பொழுது சாயுத நேரத்துல ஒரு கலரு, வெளக்கு வெளிச்சத்துல ஒரு கலரும்மா, ரெண்டு சேலைக்குச் சமம்'. நான் யோசிச்சு யோசிச்சு உண்டாக்கின வசனம், ஒரு எழுத்து பிசகல. மடிக்கேன் மடிக்கேன்னு உக்காந்து மனப்பாடம் பண்ணியிருக்கா. பேசிட்டு, 'இது பட்டு அண்ணாச்சி சொல்லுததும்மா, இன்னைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு'ன்னு முடிச்சா. தோளையும் எடுத்தாச்சு, நாக்கையும் எடுத்தாச்சு, இனி என்ன இருக்கு? பில்லுல மட்டும் மறுபடியும் என் நம்பரு.

நான் நேரா மேனேஜர் நயினார்கிட்டப் போயிட்டேன். 'இவ என் கஸ்டமரை வளைக்கா. ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்க முடியாது. ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்'னேன். நயினார் பேனாவை மூடி வச்சாரு. 'வே ஆவுடையப்பா, யோசிச்சுத்தான் சொல்லுதீரா? அந்தப் பிள்ளை பக்கத்துல இருக்கது உமக்குத்தாம்வே நல்லது'ன்னாரு. அவ அவரையும் கைக்குள்ள போட்டு வச்சிருக்கான்னு எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. நான் விடல. மறுநாளே நைட்டி செக்‌ஷனுக்குத் தூக்கிட்டாங்க. போகையில அழுவா, ஏசுவான்னு பாத்தேன். 'மாத்திரையை ஒண்ணாக் கொறச்சுக்கிடுங்க அண்ணாச்சி'ன்னு சொல்லிட்டுப் போனா. போறப்பவும் புத்திமதி.

நான் மாத்திரையையே விட்டுட்டேன். எனக்கு நாக்கு வேணும்லா? கக்கத்தை யாரு பாக்கப் போறான்னு ஒரு தைரியம்.

அந்த வாரமே கல்லிடைக்குறிச்சியில இருந்து அப்பளக் கம்பெனி வீட்டம்மா வந்தாங்க. மூத்த மகளுக்கு நான்தான் எடுத்துக் குடுத்தேன். இப்ப ரெண்டாவது மகளுக்கு முகூர்த்தப் பட்டு. அந்தப் பொண்ணும் கூட வந்து உக்காந்திருக்கு. உக்காந்த உடனே அந்தம்மா, 'போன மாசம் வந்தப்போ ஒரு பிள்ளை இருந்துச்சே, எங்க?'ன்னு கேட்டாங்க. பாத்துக்கிடுங்க, எவ்வளவு தூரம் வளைச்சிருக்கா! 'லீவு'ன்னேன். அரக்குல ஒரு சேலை, சரிகை அப்படியே தகதகன்னு இருக்கு. எடுத்தேன், கொசுவினேன், முந்தியை வலது கக்கத்துக்கு அடியில கொடுத்து இழுத்துத் தோள்ல போட்டேன். கண்ணாடி முன்னால நின்னு கையைத் தூக்கினேன்.

கக்கத்துக்குக் கீழ, ஒரு கை அகலத்துக்கு, அரக்கு கறுப்பாக் கெடக்கு.

கண்ணாடியில அந்தப் பொண்ணு பாத்துச்சு. அம்மா பாத்தாங்க. நானும் பாத்தேன். பக்கத்து மெத்தைக்காரன் மடிக்கிறதை நிறுத்திட்டான். நான் யாரு? பட்டுக்காரன். 'ரெட்டைக் கலர் ஓடுதும்மா, பாத்தியளா'ன்னேன். அந்தப் பொண்ணு மொகத்தைத் திருப்பிக்கிட்டு. அந்தம்மா முந்தியைக் கையில வாங்கி மடிச்சுக்கிட்டே, 'அந்தச் சேலையை எனக்குப் பில் போட்டுருங்க அண்ணாச்சி. நான் உடுத்திக்கிடுதேன். மகளுக்குப் பொறவு பாப்போம்'னாங்க. கவனிச்சியளா? கறை பட்ட சேலை, பட்டுச்சுன்னே வைங்களேன், அதையும் நான் நின்னு வித்தேன். எத்தனை பேரால முடியும்?

பொறவு ரெண்டு பேரும் நைட்டி பாத்துட்டு வாரோம்னு அடுத்த மாடிக்கு ஏறினாங்க. வரும்போது செல்லக்கனி கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வாராங்க. என் மெத்தையில, என் கண்ணாடி முன்னால, அவ அந்தப் பொண்ணுக்கு முகூர்த்தப் பட்டு போட்டுக் காட்டினா. நான் மடிச்சேன். ஆமா, நான் மடிச்சேன். அன்னைக்கு வீட்டுக்குப் போயிச் சோத்துல கை வைக்க முடியல அண்ணாச்சி. கோமதி என்னன்னு கேட்டா, அழுதுட்டேன். அந்தச் சிறுக்கி என்னை அவ்வளவு தூரத்துக்குக் கொண்டாந்துட்டா.

மறுநாள்தான் இந்தப் பதவி உயர்வு.

வாங்க சார், வணக்கம். வேட்டி நேராப் போங்க சார்.

இப்ப எப்படி இருக்குன்னு கேக்கியளா? ராத்திரிதான் பூசுதேன். அவ சொன்னான்னு இல்ல, டாக்டர் சொன்னதுக்காகவும் இல்ல. வாசலுக்குக் காலையில வெள்ளனே வரணும், பூச நேரம் இல்ல, அதனால. கோமதி விசிறியால வீசி நல்லா ஒணத்திட்டுப் பூசி விடுவா. கொறஞ்சிட்டு. ஆஸ்திரேலியா இல்ல. இலங்கையும் போயிட்டு, ஏதோ ராமேஸ்வரம் அளவுக்கு நிக்கு. இதுக்கும் மேல வேணும்னா ஊசி இருக்குன்னு அந்தப் பிள்ளை சொல்லியிருக்கு, பாப்போம். நயினாரும் கவனிச்சிருக்காரு போல, 'தை சீசனுக்குத் திரும்பப் பட்டுக்கு வாரீராவே?'ன்னு போன வாரம் கேட்டாரு. இந்த வாசல்ல நான் நிக்குத ஒவ்வொரு நிமிசமும் அந்த மெத்தையைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். கும்பிடுதேன், சிரிக்கேன், ஆனா காது மேல மாடியிலதான் கெடக்கும்.

அதுலயும் ஒரு கொக்கி போட்டா அவ. பட்டு செக்‌ஷனுக்கு அவளைத்தான் பொறுப்பாப் போடுதாங்களாம். அவ என்ன சொல்லியிருக்கா தெரியுமா? 'பட்டு அண்ணாச்சி வந்தாத்தான் நான் போவேன். அவர் பேசட்டும், நான் போட்டுக் காட்டுதேன்'னு. முதலாளிக்கே நிபந்தனை போடுதா! என்னைக் கேட்டா என்ன சொல்லணும்? முடியாதுன்னுதான சொல்லணும்? நான் கடைக்காகச் சரின்னுட்டேன். தையில இருந்து ரெண்டு பேரும் பட்டுல. நான் கையைத் தூக்க வேண்டாமாம், வாயைத் தொறந்தாப் போதுமாம்.

இவ்வளவுதான் அண்ணாச்சி. ஒண்ணும் கூட்டல, ஒண்ணும் கொறைக்கல. இப்பச் சொல்லுங்க, இப்படி ஒரு பொண்ணு உங்க வீட்டுக்கு ஆகுமா?

என்ன, எந்திரிச்சிட்டிய? ஏன் சிரிக்கிய? என்னது, பேசி முடிச்சிரலாமா? அண்ணாச்சி, நான் இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தப் பேசினது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா? பறிக்கா, பொய் சொல்லுதா, பிடிவாதம் பிடிக்கா, அண்ணனுக்கு வேர்வை, அத்தனையும் சொன்னேனே! 'இதுக்கு மேல விசாரிக்க ஒண்ணும் இல்ல'யா? சரி, உங்க தலையெழுத்து, எனக்கென்ன. எப்ப வைக்கப் போறிய? தையிலயா? மொத முகூர்த்தத்துலயா? வைங்க, வைங்க, நல்லா இருக்கட்டும். பையனுக்கு இங்ஙனதான திருநவேலியில வேலை?

மேட்டூரா?

மேட்டூர்னா, கல்யாணம் முடிஞ்சு இவளையும் கூட்டிட்டுப் போயிருவானா?

உக்காருங்க அண்ணாச்சி. ஒரு நிமிசம் உக்காருங்க. எங்க ஓடுதிய? கட்டினவன்கூடத்தான் போகணும், அது தெரியும், நான் இல்லன்னு சொல்லல. ஆனா தை சீசன்ல போயி ஏன் வைக்கணும்? மாத்தல் வாங்கிக்கிட்டு வரச் சொல்லுங்களேன் பையனை. மின்வாரியம் இங்ஙன இல்லையா? அவ போயிட்டா என்னைப் பட்டுக்கு எடுக்க மாட்டாங்க அண்ணாச்சி. வேற பிள்ளையைப் போடுவாங்க, அது என் பக்கத்துல நிக்குமா? மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிரும். இவ நின்னா. ஆவணி பூரா என் பக்கத்துலயே நின்னா, ஒரு நாள்கூட மொகத்தைச் சுளிக்கல. அவ இல்லாம அந்தக் கண்ணாடி முன்னால போக எனக்குப் பயமா இருக்கு.

சரி, போங்க, பஸ்சுக்கு நேரமாச்சுல்லா. நல்ல பொண்ணு, யோசிக்காம முடிச்சிருங்க. ஆனா அவங்க அப்பாகிட்டப் பேசையில, தை வேண்டாம், வைகாசிக்கு வச்சுக்கிடலாம்னு சும்மா ஒரு வார்த்தை போட்டுப் பாருங்க. வாசல்ல நிக்கவன் கேட்டான்னு மட்டும் அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிராதிய.